மெயின் போர்டை எப்போது மாற்ற வேண்டும்?

 

குரும்பலூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பல வீடுகளின் கதை ஒன்றுபோலத்தான் இருக்கும். அத்தா காலத்தில் கட்டிய ஓட்டு வீடு. அதற்கு நாலு லைட், இரண்டு ஃபேன், ஒரு ரேடியோ. திண்ணைச் சுவரில் ஒரு மரப்பலகை. அதில் மீட்டர், பக்கத்தில் இரும்பு மெயின் சுவிட்ச், கீழே வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டை. பிறகு மகன் சவூதிக்கோ துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போனார். ஓடு இறங்கித் தளம் ஏறியது. பிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின், போர் மோட்டார் என்று ஒவ்வொன்றாக வந்தன. மகள் கல்யாணத்துக்கு மாடி எழும்பியது. மாடிக்கு ஏசியும் ஹீட்டரும் வந்தன. எல்லாம் மாறிவிட்டன. திண்ணைப் பலகை மட்டும் அப்படியே இருக்கிறது. வீடு வளர்ந்தது, போர்டு வளரவில்லை.

சென்ற மழைக்காலத்தில் நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். கணவர் வெளிநாட்டில், சகோதரியும் இரண்டு பிள்ளைகளும் மட்டும் வீட்டில். மோட்டாரும் ஹீட்டரும் ஒன்றாக ஓடினால் பியூஸ் போய்க்கொண்டிருந்தது. உதவிக்கு வந்த ஒரு தம்பி, "இனிமேல் போகாது" என்று சொல்லி, தடித்த கம்பியை மூன்று மடிப்பாகச் சுற்றிப் போட்டுவிட்டுப் போனார். சொன்னபடியே பியூஸ் போகவில்லை. சில நாட்கள் கழித்து ஒரு நள்ளிரவில் வீடு முழுக்க வயர் கருகும் வாடை. எதை அணைப்பது என்று அந்தச் சகோதரிக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து மெயினை இறக்கினார். அல்ஹம்துலில்லாஹ், உயிர்ச்சேதம் இல்லை. மறுநாள் திறந்து பார்த்தால் பலகையின் பின்பக்கம் கரியாக இருந்தது. "பியூஸ் போகாமல் இருந்ததே நல்லது என்று நினைத்திருந்தேன்" என்றார் அவர்.

நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றி எழுதுகிறோம்.

போர்டின் மூன்று வேலைகள்

வீட்டுக்குள் வரும் கரண்ட் எல்லாம் மெயின் போர்டைத் தாண்டித்தான் வருகிறது. அந்த போர்டுக்கு மூன்று வேலைகள் உண்டு.

முதலாவது, தேவைப்படும்போது வீடு முழுவதையும் ஒரே இழுப்பில் அணைக்க வேண்டும். இரண்டாவது, வயர் தாங்காத அளவு கரண்ட் போனால் தானாகத் துண்டிக்க வேண்டும். இது வீட்டைத் தீயிலிருந்து காப்பது. மூன்றாவது, கரண்ட் வயரை விட்டு விலகி மனித உடல் வழியாகவோ ஈரச்சுவர் வழியாகவோ பூமிக்குப் போனால் உடனே துண்டிக்க வேண்டும். இது ஆளைக் காப்பது.

பழைய பியூஸ் போர்டு முதல் வேலையைச் செய்யும். சரியான கம்பி போட்டிருந்தால் இரண்டாவதை ஓரளவு செய்யும். மூன்றாவதை ஒருபோதும் செய்யாது. பியூஸ் காப்பது வயரை, ஆளை அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அது ஏன் என்று பார்ப்போம். 60 வாட் குண்டு பல்பு ஒன்று எரிய ஏறத்தாழ 260 மில்லி ஆம்பியர், அதாவது ஒரு ஆம்பியரில் கால் பங்கு கரண்ட் போதும். பல்பு எரிகிறது என்பதற்காகப் பியூஸ் போவதில்லை அல்லவா? ஆனால் அந்தப் பல்பு எடுப்பதில் பாதிகூட இல்லாத கரண்ட் நெஞ்சு வழியாகப் போனால் மனிதனின் இதயத் துடிப்பு குலைந்துவிடும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டும்போதே பலருக்குத் தசை இறுகி, பிடித்த கையை விட முடியாமல் போகும். 15 ஆம்பியர் பியூஸுக்கு இதெல்லாம் கணக்கிலேயே வராது. ஒரு மனிதர் துடித்துக்கொண்டிருக்கும்போதும் அது சும்மா இருக்கும். எம்.சி.பி. மட்டும் உள்ள புதிய பெட்டியும் அப்படித்தான். அதுவும் வயரின் காவல்காரனே.

ஆளைக் காப்பதற்கென்று உள்ள கருவியின் பெயர் ஆர்.சி.சி.பி. மின்வாரிய அறிவிப்புகளில் இதை ஆர்.சி.டி. என்பார்கள்; பழைய எலக்ட்ரீஷியன்கள் இ.எல்.சி.பி. என்பார்கள். இது பேஸ் வயரில் போகும் கரண்டையும் நியூட்ரலில் திரும்பி வரும் கரண்டையும் எந்நேரமும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். போனதெல்லாம் திரும்பி வந்தால் சரி. இடையில் 30 மில்லி ஆம்பியர் அளவு குறைந்தாலே, எங்கோ கசிகிறது என்று கண்டு, ஒரு நொடியில் பத்தில் மூன்று பங்கு நேரத்துக்குள் வீட்டின் கரண்டை வெட்டிவிடும்.

நம் நாட்டில் மின்சாரம் தாக்கி ஆண்டுதோறும் 10,000க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து அறிக்கைகள் சொல்கின்றன. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி.யை விதியாகவே ஆக்கியிருக்கிறது. மின்வாரியமும் அதைப் பொருத்தும்படி நுகர்வோருக்கு அறிவிப்புகள் கொடுத்திருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் வேலை பார்க்கும் சிங்கப்பூரில், 1985 ஜூலைக்கு முன் கட்டிய பழைய வீடுகளில் இந்தக் கருவி இல்லாமல் இருந்தது. அந்த வீடுகளிலும் பொருத்தியாக வேண்டும் என்று 2023 ஜூலையில் விதி கொண்டுவந்து, 2025 ஜூலை வரை அவகாசம் கொடுத்தார்கள். பழைய வீடு என்பதை அங்கே ஒரு சாக்காக ஏற்றுக்கொள்ளவில்லை.

மாற்றியே ஆக வேண்டிய அடையாளங்கள்

"லைட் எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, பிறகு எதற்கு மாற்ற வேண்டும்?" என்பதுதான் எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்வி. போர்டு கெட்டுப்போனாலும் லைட் எரியும். எனவே லைட்டைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

1. கருகிய வாடை, பிளாஸ்டிக் உருகிய தடம், பியூஸ் கட்டையிலோ மெயின் சுவிட்சைச் சுற்றியோ கரும்பழுப்பு நிறம். இது இருந்தால் அன்றே ஆளைக் கூப்பிட வேண்டும்.

2. போர்டிலிருந்து சிர்ர் என்ற சத்தம், பொறி, அல்லது மெயின் சுவிட்சின் கைப்பிடியில் சூடு. உள்ளே ஏதோ ஒரு ஸ்குரு தளர்ந்திருக்கிறது என்று பொருள். மின்கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் பெரும்பாலும் அலுமினியம். வீட்டு வயர் காப்பர். இரண்டையும் வெறுமனே முறுக்கிச் சேர்த்திருந்தால் நாளடைவில் அந்த இணைப்பு தளர்ந்து சூடேறும்.

3. மரப்பலகையில் கரையான், மழை ஒழுக்கு, உப்புப் பூத்த ஈரச்சுவர், துருப்பிடித்த இரும்புப் பெட்டி. மழை பெய்தால் போர்டையோ சுவிட்சையோ தொடும்போது சுள்ளென்று ஷாக் அடிப்பதும் இதில் சேரும். "லேசாகத்தான் அடிக்கிறது" என்று சொல்லாதீர்கள். உலர்ந்த கையோடும் செருப்புக் காலோடும் லேசாக அடிப்பது, ஒளுச் செய்த ஈரக் கையோடும் வெறுங்காலோடும் தொட்டால் லேசாக அடிக்காது.

4. பியூஸ் கட்டையில் கம்பெனிக் கம்பிக்குப் பதிலாகத் தடித்த கம்பியோ, பல இழை வயரோ, ஆணியோ இருப்பது. சரியான பியூஸ் கம்பியே தன் அளவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு கரண்ட் போனால்தான் உருகும். தடித்த கம்பி போட்டால் பியூஸ் உருகுவதற்கு முன் சுவருக்குள் இருக்கும் வயர் உருகும்.

5. பேஸ், நியூட்ரல் இரண்டிலும் பியூஸ் இருப்பது. பழைய போர்டுகள் சிலவற்றில் இப்படி உண்டு. நியூட்ரல் பியூஸ் போய்விட்டால் வீடு இருட்டாகிவிடும். கரண்ட் இல்லை என்று நினைத்து வயரைத் தொடுவோம். ஆனால் பேஸ் உயிரோடு இருக்கும்.

6. வீட்டில் ஆர்.சி.சி.பி.யே இல்லாதது, அல்லது இருந்தும் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் ட்ரிப் ஆகாதது.

7. போர்டு வைத்த பிறகு ஏசி, ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, மோட்டார் ஆகியவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருப்பது.

ஏழாவதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2000 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 9 ஆம்பியர் எடுக்கும். இண்டக்‌ஷன் அடுப்பும் முழு வேகத்தில் அவ்வளவே. ஒன்றரை டன் ஏசி 7 ஆம்பியர் அளவு. ஒரு எச்.பி. மோட்டார் 6 ஆம்பியர் அளவு. கிளம்பும்போது அதைப்போல் பல மடங்கு. சஹர் நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்பு ஓடும், குளியலறையில் ஹீட்டர் ஓடும், மாடியில் ஏசி ஓடும், தண்ணீர் தீர்ந்து யாரோ மோட்டாரைப் போடுவார்கள். கூட்டினால் 30 ஆம்பியரைத் தாண்டுகிறது. நாலு லைட்டுக்கும் இரண்டு ஃபேனுக்கும் வைத்த 15 ஆம்பியர் போர்டு அதை எப்படித் தாங்கும்?

மாற்றத் தேவையில்லாதவை

எல்லாவற்றுக்கும் "மொத்தமாக மாற்ற வேண்டும்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடவும் வேண்டாம். நம் பணம் வீணாகக்கூடாது.

ஒரு எம்.சி.பி. மட்டும் சூடாகிறது, நிற்கவில்லை என்றால் அந்த ஒன்றை மாற்றினால் போதும். ஒரு அறைக்கு மட்டும் கரண்ட் போகிறது என்றால் கோளாறு அந்த அறையின் வயரிலோ சுவிட்ச் பாக்ஸிலோ இருக்கலாம். நல்ல நிலையில் உள்ள எம்.சி.பி. பெட்டியில் ஆர்.சி.சி.பி. மட்டும் இல்லை, இடம் இருக்கிறது என்றால், அதைச் சேர்த்தாலே போதும். இடம் இல்லாவிட்டால் பக்கத்தில் ஒரு சிறு பெட்டியில் வைக்கலாம். ஒரு குறிப்பிட்ட மிக்சியையோ அயர்ன் பாக்ஸையோ சொருகினால் மட்டும் ட்ரிப் ஆகிறது என்றால் பழுது அந்தச் சாமானில், போர்டில் அல்ல. சொல்லப்போனால் போர்டு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

வீதி முழுக்கவே லைட் மங்குவதும், திடீரென்று அளவுக்கு மீறி வெளிச்சமாக எரிவதும் போர்டின் கோளாறு அல்ல. வெளியே லைனில் நியூட்ரல் அறுந்திருக்கலாம். அப்போது அளவுக்கு மீறிய வோல்டேஜ் வீட்டுக்குள் வந்து டி.வி., பிரிட்ஜ் எல்லாம் எரிந்துபோகும். உடனே மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். மின்னகம் எண் 94987 94987. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம்.

புதிய பெட்டியில் இருக்க வேண்டியவை

மீட்டரைத் தாண்டியதும் முதலில் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் இரட்டை முனை மெயின். அடுத்து 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.; சிங்கிள் பேஸ் வீட்டுக்கு இரண்டு முனை, த்ரீ பேஸ் வீட்டுக்கு நான்கு முனை. அதன் பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி எம்.சி.பி. கீழ் வீட்டு லைட், மாடி லைட், சமையலறை, ஹீட்டர், ஏசி, மோட்டார் என்று பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் தமிழில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி. இருந்தால் எம்.சி.பி. வேண்டாம் என்றோ, எம்.சி.பி. இருந்தால் ஆர்.சி.சி.பி. வேண்டாம் என்றோ நினைக்கக்கூடாது. ஒன்று ஆளுக்கு, மற்றது வயருக்கு.

எம்.சி.பி.யின் அளவு சாமானைப் பார்த்து அல்ல, வயரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பொதுவாக லைட், ஃபேன் போகும் 1.5 சதுர மி.மீ. வயருக்கு 10 ஆம்பியர், பெரிய பிளக் பாயிண்டுக்கான 2.5 சதுர மி.மீ. வயருக்கு 16 ஆம்பியர், ஏசி, ஹீட்டருக்கான 4 சதுர மி.மீ. வயருக்கு 20 ஆம்பியர் என்று போடுவார்கள். "அடிக்கடி விழுகிறது" என்று சொல்லி 10ஐக் கழற்றிவிட்டு 32ஐப் போடுவது, பியூஸில் மூன்று மடிப்புக் கம்பி சுற்றியதற்குச் சமம். பெட்டி புதிதாக இருக்கும். தவறு பழையதாகவே இருக்கும். வயரே பழசாகி, ரப்பர் உறை உதிர்கிறது என்றால் போர்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. வயரிங்கையும் பார்க்க வேண்டும்.

வாங்கும்போது பெட்டி, வயர், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. எல்லாவற்றிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள், பில் கேட்டு வாங்குங்கள். விலை மலிவாகக் கிடைக்கிறது என்று முத்திரை இல்லாத சாமானை வாங்காதீர்கள். ஆபத்து நேரத்தில் வேலை செய்யாத கருவி இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

புதிய பெட்டி வைத்ததும் சில வீடுகளில் ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருக்கும். "இது தொல்லை, எடுத்துவிடுங்கள்" என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்பவர்கள் உண்டு. அது விழுகிறது என்றால் வீட்டில் எங்கோ கரண்ட் கசிகிறது, அல்லது இரண்டு பகுதிகளின் நியூட்ரல் ஒன்றோடு ஒன்று கலந்திருக்கிறது. இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் இந்த நியூட்ரல் கலப்பு அதிகம். ஒவ்வொரு எம்.சி.பி.யாக இறக்கிப் பார்த்தால் எந்தப் பகுதி என்று தெரிந்துவிடும். ஈரமான மோட்டார், நைந்த ஹீட்டர், எலி கடித்த வயர் என்று காரணம் கிடைக்கும். குரைக்கிறது என்பதற்காகக் காவல் நாயை விரட்டிவிட்டால் திருடனுக்குத்தான் நல்லது.

மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றுங்கள். பிறை பார்த்த மறுநாள் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

எர்த்தை மறக்காதீர்கள்

கிரைண்டர், பிரிட்ஜ், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ், மோட்டார் என்று இரும்பு உடம்பு உள்ள எல்லாவற்றுக்கும் மூன்றாவது கம்பியாகிய எர்த் வேண்டும். சாமானுக்குள் வயர் நைந்து உடம்பில் பட்டால் அந்தக் கரண்ட் பூமிக்குப் போக அதுதான் வழி. எர்த் சரியாக இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் அதைத் தொடும் மனிதர்தான் அந்த வழி.

நம் பகுதியில் கோடையில் மண் நன்றாகக் காய்ந்துவிடுகிறது. காய்ந்த மண் கரண்டை வாங்காது. எர்த் குழி எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டு, கோடை மாதங்களில் அதில் தண்ணீர் ஊற்றுங்கள். வீட்டைப் பெரிதாக்கும்போது அந்தக் குழியின் மேல் சிமெண்ட் போட்டு மூடியவர்களும் உண்டு. அவர்கள் புதிதாக ஒன்று போட வேண்டும். எர்த் இல்லாத வீட்டில் பிளக் பாயிண்டிலேயே நியூட்ரலை எர்த்தோடு சேர்த்துவிடும் பழக்கம் சிலரிடம் உள்ளது. அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். நியூட்ரல் எங்கேனும் அறுந்தால் வீட்டில் உள்ள இரும்புச் சாமான் முழுவதும் உயிருள்ள கம்பியாகிவிடும்.

ஆர்.சி.சி.பி. காப்பாற்றாத இடங்கள்

ஒரு கையில் பேஸும் மறுகையில் நியூட்ரலும் பட்டால், அந்தக் கருவியின் கணக்கில் போனது திரும்பி வந்துவிடும், அது விழாது. மின்கம்பத்திலிருந்து மீட்டர் வரை உள்ள சர்வீஸ் வயர் அதன் காவலுக்கு வெளியே இருக்கிறது. எனவே துணி காயப்போடும் கம்பியைச் சர்வீஸ் வயர் தாங்கும் குழாயிலோ கம்பியிலோ கட்டாதீர்கள். கொடிக்கு நைலான் கயிறு போதும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்தாலும் பேட்டரியிலிருந்து சில லைன்களில் கரண்ட் இருக்கும். மெயினை இறக்கிவிட்டோம் என்று நம்பி வயரில் கை வைக்காதீர்கள். இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும்.

யாரிடம் வேலை கொடுப்பது?

மின்கம்பத்திலிருந்து மீட்டர் வரை மின்வாரியத்தின் பொறுப்பு. மீட்டரின் சீலை நாமோ நம் எலக்ட்ரீஷியனோ தொடக்கூடாது. மீட்டரை இடம் மாற்றவும், லோடு கூட்டவும், சிங்கிள் பேஸை த்ரீ பேஸ் ஆக்கவும் வாரியத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும். மீட்டருக்குப் பிறகு உள்ளதெல்லாம் வீட்டுக்காரரின் பொறுப்பு.

அந்த வேலையைத் தெரிந்த தம்பி, பெயிண்ட் அடிக்க வந்தவர் என்று கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் வயர்மேனுக்குத் தகுதிச் சான்றும் ஒப்பந்ததாரருக்கு உரிமமும் அரசின் மின் உரிம வாரியம் வழங்குகிறது. சான்று இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. வேலை முடிந்ததும் மூன்றைச் செய்து காட்டச் சொல்லுங்கள்: டெஸ்ட் பட்டனை அழுத்தி ஆர்.சி.சி.பி. விழுவதை, மீட்டர் வைத்து எர்த் அளவு பார்ப்பதை, எந்த எம்.சி.பி. எந்தப் பகுதிக்கு என்பதை. இந்த மூன்றையும் காட்டாமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

பணம் இல்லாதபோது எதை முதலில் செய்வது?

எல்லாரிடமும் ஒரே நேரத்தில் முழுப் போர்டையும் மாற்றப் பணம் இருக்காது என்பதை நாம் அறிவோம். அதற்காக எதையும் செய்யாமல் இருக்கத் தேவையில்லை.

இன்றே, செலவில்லாமல்: தடித்த பியூஸ் கம்பியை எடுக்கச் சொல்லுங்கள். மோட்டார், ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ் ஆகியவற்றை ஒன்றாகப் போடாதீர்கள். ஒரே பிளக்கில் ஜங்ஷன் பாக்ஸ் மேல் ஜங்ஷன் பாக்ஸ் சொருகாதீர்கள். போர்டுக்குக் கீழே நெல் மூட்டை, துணி மூட்டை, பெட்ரோல் வண்டி வைக்காதீர்கள்.

அடுத்து, சிறு செலவில்: ஆர்.சி.சி.பி. நல்ல கம்பெனி இரண்டு முனைக் கருவி ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. பழைய போர்டு இன்னும் கருகாமல் இருந்தால், முழுப் பெட்டி மாற்றும் வரை இதை முதலில் வைக்கலாம். உயிரைக் காப்பது இதுதான். எர்த்தைச் சரிசெய்வதும் இதோடு சேரும்.

மூன்றாவது, முழுப் பெட்டியும் அதற்கேற்ற வயரும். மாடி கட்டும்போதும் ஏசி வாங்கும்போதும் இந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். ஏசிக்கு நாற்பதாயிரம் இருக்கிறது, போர்டுக்கு இல்லை என்றால், அந்த ஏசி இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும். வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் தங்கியிருக்கும் இடத்தில் இந்தக் கருவி இருக்கிறது. ஊரில் உங்கள் மனைவி மக்கள் இருக்கும் வீட்டில் இருக்கிறதா? அடுத்த முறை பேசும்போது, போர்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

வீட்டில் உள்ள எல்லாருக்கும் தெரிய வேண்டியவை

மெயின் எங்கே, எப்படி இறக்குவது என்பது வீட்டில் உள்ள பெண்களுக்கும், பத்து வயது தாண்டிய பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பகலில் ஒருமுறை அவர்களையே இறக்கி ஏற்றச் சொல்லுங்கள். அதன் பக்கத்தில் ஒரு டார்ச் தொங்கட்டும்.

ஒருவருக்கு ஷாக் அடித்துக்கொண்டிருந்தால் அவரைத் தொடாதீர்கள். மெயினை இறக்குங்கள். முடியாவிட்டால், உலர்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ அவரை வயரிலிருந்து விலக்குங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கி, 108ஐக் கூப்பிடுங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். இதயக் கோளாறு பிறகும் வரலாம். போர்டில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். கிட்டே போக முடிந்தால் மெயினை இறக்குங்கள். முடியாவிட்டால் எல்லாரையும் வெளியேற்றிவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்கு 101இல் சொல்லுங்கள்.

உறங்கும் முன் விளக்கையும் நெருப்பையும் அணைத்துவிடும்படி நம் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை நாம் எல்லாரும் மதரஸாவிலேயே படித்திருக்கிறோம். இன்று நம் வீட்டு நெருப்பு அடுப்பில் மட்டும் இல்லை, சுவருக்குள்ளும் இருக்கிறது. அதை அணைக்கும் காவலாளியை வைப்பது நம் கையில் இருக்கிறது. பள்ளிவாசல்களிலும் மதரஸாக்களிலும் ஹவுளுக்கும் ஒளுச் செய்யும் இடத்துக்கும் பக்கத்தில் உள்ள மோட்டார் சுவிட்சுகளையும் இதே கண்ணோடு பார்க்கும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

இந்த இதழைப் படித்து முடித்ததும் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு உங்கள் போர்டின் முன்னால் போய் நில்லுங்கள். எதையும் தொட வேண்டாம், திறக்கவும் வேண்டாம். பார்த்து, முகர்ந்து, காது கொடுத்தால் போதும். மேலே சொன்ன ஏழில் எது இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆதரவற்ற சகோதரிகள், முதியோர், செலவு செய்ய இயலாத குடும்பங்கள் யாராவது உங்கள் தெருவில் இருந்தால், ஜும்ஆவுக்குப் பிறகு அறக்கட்டளை நிர்வாகிகளிடம் சொல்லுங்கள். யார் வீடு என்பது வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம். இயன்ற உதவியை இன்ஷா அல்லாஹ் செய்கிறோம். வசதியுள்ளவர்கள் தம் வீட்டுக்கு ஒரு ஆர்.சி.சி.பி. வாங்கும்போது, இயலாத ஒரு வீட்டுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தால் அது நிலைத்து நிற்கும் தர்மமாகும்.

வல்ல அல்லாஹ் நம் வீடுகளையும் நம் பிள்ளைகளையும் எல்லா விபத்துகளிலிருந்தும் காப்பானாக. ஆமீன்.